அந்தப் பெண்கள் எங்கே போனார்கள்?

சென்ற கோடை விடுமுறையில் என் பேத்தி திருநெல்வேலிக்கு வந்திருந்தாள். பத்து வயதுதான் ஆகிறது. ஆனால் கேள்வி கேட்பதில் வக்கீல்! 'பொன்னியின் செல்வன்' திரைப்படம் 2022-லும் 2023-லும் இரண்டு பாகங்களாக வந்ததல்லவா? இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்து முடித்துவிட்டு என் மடியில் வந்து விழுந்தாள்.

"ஆச்சி, நந்தினி நிஜமாவே இருந்தாளா?"

"இல்லைம்மா. கல்கி அவர்கள் கற்பனையாகப் படைத்த பெண் அவள்."

"அப்படின்னா எல்லாம் பொய்யா?"

குழந்தையின் முகம் வாடிப்போய்விட்டது. நான் என்ன பதில் சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நேயர்களே, அந்தப் பதிலைக் கற்றுக்கொள்ள எனக்கு வெகு காலம் பிடித்தது. அதற்குள் வீட்டில் ஒரு நல்ல மனிதருக்குப் பெரிய அநியாயமும் செய்துவிட்டேன். அந்தக் கதையைத்தான் உங்களிடம் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். கதை என்றா சொன்னேன்? இல்லை, நடந்தது.

1958-ஆம் வருஷம். எனக்கு எட்டு வயது. கல்லிடைக்குறிச்சியில் குடியிருந்தோம். அப்பா ஒரு நெல் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். சிநேகிதர் ஒருவருடைய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். சிநேகிதர் ஒருநாள் இரவோடு இரவாக ஊரை விட்டுப் போய்விட்டார். கடன் எங்கள் வாசலுக்கு வந்தது. கோர்ட்டு, ஜப்தி, ஏலம். அப்பாவுக்குத் தெருவில் தலைகாட்ட முடியவில்லை. மதுரைக்குப் போய் வேலை தேடுகிறேன் என்று போனவர், அங்கேயே காய்ச்சலில் கண்ணை மூடினார். அம்மாவையும் என்னையும் பெரியப்பா திருநெல்வேலி டவுனில் இருந்த தம் வீட்டுக்கு அழைத்து வந்தார்.

எங்களோடு வந்தவை ஒரு துணி மூட்டையும் ஐந்து காகிதக் கட்டுகளும். அந்தக் கட்டுகள் அம்மாவின் சொத்து. 1950-இலிருந்து 1954 வரை 'கல்கி' பத்திரிகையில் 'பொன்னியின் செல்வன்' தொடர்கதையாக வந்தபோது, வாரா வாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்து, மணியம் அவர்களின் சித்திரங்கள் கசங்காமல் அடுக்கி, சாக்கு ஊசியால் தானே தைத்து, பழைய காலண்டர் அட்டையை மேலே போட்டு வைத்திருந்தாள். ஜப்திக்கு வந்த அமீனா அவற்றைக் காலால் நகர்த்திவிட்டுப் போய்விட்டாராம். விலை போகாத சரக்கு என்று நினைத்திருப்பார். பாவம், அந்த வீட்டிலேயே விலை உயர்ந்த பொருள் அதுதான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பெரியப்பா பள்ளிக்கூடத்தில் சரித்திர ஆசிரியர். அவருக்குக் கதை என்றாலே ஆகாது. "நடக்காததை நாலு வருஷம் எழுதுவானாம், அதை நாலு லட்சம் பேர் படிப்பாங்களாம்!" என்று சிரிப்பார். அவர் படிக்கிற அழகே வேறு. முதுகு வளையாமல் நாற்காலியில் உட்காருவார். கையில் ஒரு பென்சில் இருக்கும். பக்கத்தின் ஓரத்தில் கேள்விக்குறி போடுவார், கோடு இழுப்பார், நாலு பக்கம் பின்னால் திரும்பிப் போய்ச் சரிபார்ப்பார். அம்மாவோ அடுப்படி வேலை முடிந்ததும் தலையணையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு படிப்பாள். அவள் கையில் பென்சில் கிடையாது. முந்தானைதான் உண்டு, கண்ணைத் துடைத்துக்கொள்ள!

கதை படிக்கிறவர்களுக்குத் தலையணை வேண்டும், சரித்திரம் படிக்கிறவர்களுக்குப் பென்சில் வேண்டும் என்று அந்த வயதில் நான் தெரிந்துகொண்டேன். ஏன் அப்படி என்பது அப்போது விளங்கவில்லை.

1963-இல் ஒரு சாயங்காலம் அது விளங்கத் தொடங்கிற்று. எனக்குப் பதிமூன்று வயது. கூடத்தில் படுத்துக்கொண்டு ஐந்தாவது கட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலன் இறந்து கிடக்கிற இடம். தேம்பித் தேம்பி அழுதேன். பெரியப்பா பென்சிலைக் கீழே வைத்தார்.

"என்னட்டி, அழுதுக்கிட்டு இருக்கே?"

"ஆதித்த கரிகாலன் செத்துப் போயிட்டான் பெரியப்பா."

பெரியப்பா சிரித்துவிட்டார். "ஏட்டி, அவன் யாரு தெரியுமா? வீரபாண்டியன் தலையைக் கொண்டவன். நீ யாரு? தாமிரபரணித் தண்ணி குடிச்ச பாண்டி நாட்டுக்காரி. நம்ம ராஜா தலையை எடுத்தவனுக்கா நீ அழுதுக்கிட்டு இருக்கே?"

அழுகை நின்றுவிட்டது. அவர் சொன்னது வாஸ்தவந்தானே! ஆனால் பாருங்கள், கதையின் வல்லமை அங்கேதான் இருக்கிறது. எதிரி நாட்டு இளவரசனுக்காகத் திருநெல்வேலிச் சிறுமி ஒருத்தியை அழ வைத்துவிடுகிறது. எந்தச் சரித்திரப் புத்தகமும் அவனைப் பற்றி என்னை அழ வைத்ததில்லை.

பெரியப்பா எழுந்து போய் அலமாரியிலிருந்து கனத்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தார். "இது நீலகண்ட சாஸ்திரியார் எழுதினது. 'சோழர்கள்'னு பேரு. உங்க கதைக்காரரே இதையெல்லாம் படிச்சுட்டுத்தான் கதை எழுதினார். சாஸ்திரியார் யாரு தெரியுமா? உங்க கல்லிடைக்குறிச்சிக்காரர்!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நேயர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் 1892-இல் கல்லிடைக்குறிச்சியில் பிறந்தவர். திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்து, அங்கேயே சில ஆண்டுகள் ஆசிரியராகவும் இருந்தவர். சோழர் வரலாற்றை 1935-இலும் 1937-இலும் இரண்டு பகுதிகளாக வெளியிட்டார். காவிரிக் கரையின் சரித்திரத்தை எழுத ஒருவர் தாமிரபரணிக் கரையிலிருந்து போக வேண்டியிருந்தது!

அந்தப் புத்தகத்தைப் பார்த்ததும் முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் பொடி எழுத்தில் குறிப்புகள். மேலே எந்த வாக்கியம் வாயைத் திறந்தாலும், கண்டிப்பான மாமியார் மாதிரி, 'இதை யார் சொன்னது? எங்கே பார்த்தாய்?' என்று கீழேயிருந்து கேட்டுக்கொண்டே இருந்தன.

பெரியப்பா தமிழில் விளக்கிச் சொன்னார். ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றிக் காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இராசராசன் 985-இல் பட்டத்துக்கு வந்த பிறகு, அவனுடைய தொடக்க ஆண்டுகளில் வெட்டப்பட்டது. கொலை செய்த துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் என்ற பெயர்களை அது சொல்கிறது. அவர்களில் சிலர் பெரிய அரசாங்கப் பட்டம் பெற்ற அதிகாரிகள். ஆனால் கல்வெட்டு கொலையை வர்ணிக்கப் பிறந்ததல்ல. பறிமுதலான நிலத்தின் விவகாரத்தைச் சொல்லப் பிறந்தது. அந்தத் துரோகிகளின் நிலம் மட்டுமா பறிபோயிற்று? அவர்களுடைய தம்பிமார், பிள்ளைகள், மனைவிமார், தாய்மார், பெண் கொடுத்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களைக் கட்டியவர்கள் என்று உறவு முறை சொல்லி அத்தனை பேருடைய உடைமையையும் எடுத்துக்கொள்ளச் சொல்லி உத்தரவு.

அடுப்படியில் தோசைக் கரண்டியின் சத்தம் நின்றது.

அந்தக் காலத்தில் கணவனின் தமையன் எதிரே பெண்கள் நின்று பேசுகிற வழக்கம் கிடையாது. அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து என்னிடம் சொன்னாள்: "ஏளா, அந்தப் பொம்பளையாளுக எங்க போனாகன்னு பெரியப்பாட்ட கேளு."

நான் கேட்டேன். பெரியப்பா பதில் சொல்லப் புத்தகத்தைப் புரட்டினார். அடிக்குறிப்பைப் பார்த்தார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். பென்சில் விரலுக்கிடையில் உருண்டுகொண்டே இருந்தது.

"தெரியாதுன்னு சொல்லு" என்றார் கடைசியில். கொஞ்ச நேரம் கழித்து, "கல்லுல இல்லை" என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்.

அடுத்த வீட்டு ரேடியோ மட்டும் கேட்டது. அந்தக் கேள்வி ஆயிரம் வருஷத்துக்கு முந்திய பெண்களைப் பற்றி மட்டும் கேட்டதல்ல என்பது பதிமூன்று வயதுப் பெண்ணுக்கே புரிந்தது. புருஷன் செய்த காரியத்துக்காக வீடு போன ஒருத்தி, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்துப் பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். "உங்க அம்மாட்ட கேளு. கதையிலயாவது அந்தப் பொம்பளைங்களைப் பத்தி வருதா?"

"அதுலயும் இல்லைன்னு சொல்லு. அதுக்கு இன்னொரு கதை எழுதணும்" என்று கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

அன்றிரவு தண்ணீர் குடிக்க எழுந்தபோது கூடத்தில் விளக்கு எரிந்தது. பெரியப்பா பாயில் சாய்ந்துகொண்டு முதல் கட்டைப் படித்துக்கொண்டிருந்தார். கையில் பென்சில் இல்லை!

அதன் பிறகு அவர் என்னை விடுமுறை நாட்களில் ஊர் ஊராக அழைத்துப் போவார். ஒரு முறை அம்பாசமுத்திரத்தை அடுத்த மன்னார்கோவிலுக்குப் போனோம். இராசேந்திர சோழ விண்ணகர் என்று அந்தக் கோயிலுக்குப் பழைய பெயர். பாண்டி நாடு சோழர் கையில் இருந்த காலத்துக் கோயில். கல்வெட்டுகளில் என்னவெல்லாம் இருக்கும் என்று கற்றுக் கொடுத்தார். அரசனின் பெயர், ஆட்சி ஆண்டு, நிலத்தின் நான்கு எல்லை, நந்தாவிளக்கு எரிக்க விட்ட ஆடுகள். "யாரு அழுதா, யாரு சிரிச்சான்னு மட்டும் இருக்காது. அது இல்லாத இடத்துல நாம எழுதிச் சேர்க்கக் கூடாது. அதுதான் சரித்திரக்காரனுக்குக் கட்டுப்பாடு" என்றார்.

இப்படிப்பட்டவருக்கா நான் அநியாயம் செய்தேன் என்று கேட்கிறீர்களா? செய்தேன்.

எனக்கு ஒரு சித்தி. கதை சொல்வதில் கெட்டிக்காரி. ஏலம் போட்ட தினத்தைப் பற்றி அவள் சொல்லத் தொடங்கினால் ஊரே கண்ணீர் விடும். "உங்க பெரியப்பா அன்னைக்கு வாசல்ல கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு. ஒரு வார்த்தை பேசலை. வாயில வெத்திலை வேற! கடைசியில குத்துவிளக்கு ரெண்டையும் சல்லிசா ஏலத்துல எடுத்துத் தன் வீட்டுக்குக் கொண்டு போயிட்டாரு." ஒவ்வொரு முறையும் ஒரு விவரம் கூடும். கடைசி காலத்தில் அந்தக் கதையில் பெரியப்பா சிரிக்கவே தொடங்கிவிட்டார்!

நான் நம்பினேன். ஏன் நம்ப மாட்டேன்? விளக்குகள் பெரியப்பா வீட்டுப் பூஜை அறையில் கண்முன்னே நின்றன. 1970-இல் என் கல்யாணத்தின்போது அவற்றைப் புளி போட்டுப் பளபளவென்று விளக்கி எனக்குச் சீராகக் கொடுத்தார். 'எங்கள் விளக்கு எங்களுக்கே திரும்பி வந்தது' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். காலில் விழுந்து எழுந்தேன். முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

1981-இல் பெரியப்பா காலமானார். அம்மா அதற்கு ஐந்து வருஷம் முன்பே போய்விட்டாள். அவருடைய மேஜையைச் சுத்தம் செய்தபோது, நூல் போட்டுக் கட்டிய காகிதங்கள் கிடைத்தன. முதலாவது, எங்கள் வீட்டு ஜப்திப் பட்டியலின் நகல். சுவர்க் கடிகாரம் 1. மர பீரோ 1. சங்கிலியுடன் ஊஞ்சல் பலகை 1. பித்தளைக் குத்துவிளக்கு 2. எல்லாம் சத்தியம், ஒரு பொருள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் அந்த ஊஞ்சலில் உட்கார்ந்துதான் அம்மா எனக்குத் தலை பின்னுவாள் என்பதற்கு அதில் கட்டம் கிடையாது.

இரண்டாவது காகிதம், குத்துவிளக்குகளை நாற்பத்திரண்டு ரூபாய்க்கு ஏலம் எடுத்ததற்கு ரசீது. மூன்றாவது, அடகுக் கடைச் சீட்டு. தங்க வளையல் ஜோடி 1, ஐம்பது ரூபாய். ஏலத்துக்கு முதல் நாள் தேதி.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெரியம்மாவின் கையில் கண்ணாடி வளையலைத் தவிர வேறெதையும் நான் பார்த்ததில்லை. அவளுக்கு அதுதான் பிடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

கையைக் கட்டிக்கொண்டு நின்றாரே, எதற்காக நின்றார்? ஐம்பது ரூபாயை மடியில் வைத்துக்கொண்டு, எந்தப் பொருளை மீட்கலாம், எது தம் சக்திக்கு அடங்கும் என்று காத்துக்கொண்டு நின்றாரா? மீதி எட்டு ரூபாயில்தான் எங்களுக்கு ரயில் டிக்கெட் வாங்கினாரா? தாளில் இல்லை. அவரே கற்றுக் கொடுத்தபடி, 'தெரியாது' என்றுதான் நான் சொல்ல வேண்டும். ஆனால் தலையணை வைத்துப் படித்த அம்மாவின் மகள் நான். அந்த வாசலில் அவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

அப்போதுதான் இரண்டு வகைப் படிப்புக்கும் உள்ள பேதம் எனக்கு முழுசாக விளங்கிற்று.

கதை படிக்கும்போது நாம் ஆசிரியரிடம் 'உமக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்பதில்லை. கேட்டால் கதை அங்கேயே செத்துப்போகும். நந்தினியின் மனசுக்குள் ஓடியது கல்கி அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டோமா? அவரைக் கைப்பிடித்துக்கொண்டு இன்னொருவருடைய நெஞ்சுக்குள் போய் வருகிறோம். அது பொய்யல்ல, சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் இடையே உள்ள ஓர் உடன்படிக்கை. சரித்திரம் படிக்கும்போதோ, ஒவ்வொரு வரியிலும் 'எப்படித் தெரியும்?' என்று கேட்டே தீர வேண்டும். ஏனென்றால் அங்கே பேசப்படுகிறவர்கள் இருந்தவர்கள். செத்துப் போனவர்கள் எழுந்து வந்து மறுக்க மாட்டார்கள்.

ஆதித்த கரிகாலன் விஷயத்தையே பாருங்கள். அடுத்து அரியணை ஏறியவர் உத்தம சோழர். ஆகையால் அவருக்கும் கொலையில் பங்கிருக்குமோ என்று நீலகண்ட சாஸ்திரியார் ஐயப்பட்டார். 'பிற்காலச் சோழர் சரித்திரம்' எழுதிய சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. இறந்து ஆயிரம் வருஷமான ஒருவர்மீது சந்தேகத்தின் நிழல் விழுவதற்கே அறிஞர்கள் எவ்வளவு வாதாடுகிறார்கள்! கல்கி அவர்களோ வேறு வழி கண்டார். பூமாலை கட்டும் சேந்தன் அமுதன்தான் உண்மையான உத்தம சோழன் என்று கதையைத் திருப்பினார். கதாசிரியருக்கு அந்த உரிமை உண்டு. என் சித்திக்கு அந்த உரிமை இல்லை. நம்பின எனக்கும் இல்லை. கதையைப் படிக்கிற மாதிரி ஒரு மனிதரைப் படித்துவிட்டேன். பென்சிலை எடுக்க மறந்துவிட்டேன்.

ஆனால் வெறும் பென்சிலும் போதாது, சகோதரிகளே! பெரியப்பா எத்தனையோ தடவை அந்தக் கல்வெட்டைப் படித்திருப்பார். 'அந்தப் பெண்கள் எங்கே போனார்கள்?' என்று அவருக்குத் தோன்றவில்லை. கதை படித்துப் பழகிய அம்மாவுக்குத்தான் தோன்றிற்று. அதற்குப் பதில் 'தெரியாது' என்றாலும், கேட்ட பிறகு அந்தக் கல்வெட்டு பழைய கல்வெட்டாக இல்லை.

நம் வீடுகளிலும் இரண்டும் நடக்கின்றன. நாத்தனாரைப் பற்றி, மருமகளைப் பற்றி, போய்ச் சேர்ந்த மாமனாரைப் பற்றி எத்தனை கதைகள்! சொல்வதற்கு முன் ஒரு நிமிஷம், 'இது எனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்டுப் பார்க்கலாம். பத்திரமும் ரசீதும் மட்டும் பேசுகிற இடத்தில், 'அவள் மனசு எப்படி இருந்திருக்கும்?' என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

பேத்திக்கு என்ன சொன்னேன் என்றுதானே கேட்கிறீர்கள்? "வந்தியத்தேவர் குந்தவையின் கணவர் என்பது தஞ்சைப் பெரிய கோயில் கல்லில் இருக்கிறது. அவர் குதிரையேறி வந்து செய்த வீரதீரமெல்லாம் கதையில் இருக்கிறது. இரண்டும் வேண்டும், எது எங்கே இருக்கிறது என்பதை மட்டும் மறக்காதே" என்றேன்.

அவள் பூஜை அறையில் எரிந்த விளக்குகளைக் காட்டினாள். "அந்த விளக்கு யாருது ஆச்சி?"

மேஜை டிராயரிலிருந்து அந்த மூன்று காகிதங்களையும் எடுத்து அவள் கையில் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே, "இது வரைக்கும் தாள்ல இருக்கு. இதுக்கு மேலே ஆச்சி நினைச்சுக்கிட்டது" என்று கோடு போட்டுக் காட்டினேன்.

குழந்தை அடகுச் சீட்டை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"ஆச்சி, அந்த வளையல் என்ன ஆச்சு?"

"தெரியாதும்மா" என்றேன்.